கப்பலா, பூங்காவா? எங்கள் வீட்டுக் கணக்கு

[திரையில்: சாப்பாட்டு மேசை. ஒரு பக்கம் கப்பல் விளம்பரத் தாள், மறு பக்கம் பூங்கா வரைபடம், நடுவில் கால்குலேட்டர்.]

ஜூன் விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூரில், ஈசூன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் தவறாமல் வரும். மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு ரோலர்கோஸ்டர் வேண்டும். வீட்டுக்காரருக்குக் கப்பல் வேண்டும்.

"ஆளுக்கு எண்பது வெள்ளிக்கு மேல குடுத்து வரிசையில போய் நிக்கணுமா?" என்பார் அவர். (வெள்ளி என்றால் இங்கே சிங்கப்பூர் டாலர்.)

"ஆயிரக்கணக்குல குடுத்து நடுக்கடல்ல பஃபே வரிசையில நிக்கிறதுக்கு அது தேவலைங்க" என்பேன் நான்.

இரண்டு பேரும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தோம். பூங்கா டிக்கெட் ஒரு பகலுக்கான விலை. கப்பல் விலையில் மூன்று இரவுப் படுக்கையும் ஏழெட்டு வேளைச் சாப்பாடும் அடக்கம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எப்போதும் கப்பல்தான் தோற்கும். அதனால் இந்த வீடியோவில் வேறு மாதிரி கணக்குப் போடலாம். கணக்கு எளிதாக இருக்க விலைகளை முழு எண்ணாக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் போகும் தேதியைப் பொறுத்து உங்கள் விலை ஏறும், இறங்கும்.

[திரையில்: செந்தோசா எக்ஸ்பிரஸ், விவோசிட்டி நடைமேடை.]

முதலில் பூங்கா. நமக்குப் பக்கத்தில் இருப்பது 2010இல் திறந்த யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், ஆக நான்கு பேர். பெரியவருக்கு 85 வெள்ளி, நான்கு வயதுக்கு மேற்பட்ட சிறுவருக்கு 65 என்று வைத்தால் 300 வெள்ளி. பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் ஆளுக்கு 4 வெள்ளி, மொத்தம் 16. (கரையில் இருக்கும் விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து பலகை நடைபாதையில் நடந்தே போகலாம், காசு கிடையாது. காலையில் அப்படிப் போனால் ஜாலிதான். மாலையில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போது அந்த 4 வெள்ளியின் அருமை தெரியும்.) உள்ளே மதியச் சாப்பாடு, குளிர்பானம், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்து 80. கூட்டினால் ஏறக்குறைய 400 வெள்ளி, ஆளுக்கு நூறு.

ராத்திரி வீட்டுக்கு வந்து நம் மெத்தையிலேயே படுக்கிறோம். வெளியூரிலிருந்து வருபவர் கட்டும் ஓட்டல் காசு நமக்கு இல்லை. சிங்கப்பூரில் இருக்கிறவருக்கு உள்ளூர்ப் பூங்காவின் பெரிய லாபமே அதுதான்.

இனி எக்ஸ்பிரஸ் பாஸ். நீண்ட வரிசையைத் தவிர்க்கத் தனியாக வாங்குவது. கூட்டமான நாளில் நுழைவுச்சீட்டு விலையையே இது தொட்டுவிடலாம். ஆளுக்கு 70 என்று வைத்தால் நான்கு பேருக்கு 280. நானூறாக இருந்த செலவு அறுநூற்று எண்பதாகிறது.

[திரையில்: மெரினா சவுத் பியர் எம்ஆர்டி, அருகில் வெள்ளைக் கூரையோடு கப்பல் முனையம்.]

அடுத்து கப்பல். பெரிய கப்பல்கள் பலவும் 2012இல் திறந்த மெரினா பே கப்பல் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. மூன்று இரவுப் பயணம், ஜன்னல் இல்லாத உள்ளறை. விளம்பரத்தில் "ஒருவருக்கு 500 வெள்ளி" என்று இருக்கும். அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் சொல்லும் விலை அது. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாக மேல்படுக்கையில் ஏறுபவருக்குக் குறையும். அவர்களுக்கு 300 என்றால் மொத்தம் 1,600.

"ஆயிரத்து அறுநூறுதானே?" என்று கார்டை எடுத்துவிடாதீர்கள். துறைமுகக் கட்டணமும் வரிகளும் ஆளுக்கு 100 என்றால் 400. சேவைக் கட்டணம் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 20 என்றால், நான்கு பேர், மூன்று இரவு, 240. சேவைக் கட்டணம் விருப்பத்துக்குக் கொடுக்கும் டிப்ஸ் என்று எங்கள் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். பல கப்பல்களில் அது தானாகவே கணக்கில் ஏறிவிடும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. இதோடு வைஃபை, டின் பானம், கரையில் இறங்கும் நாளின் செலவு என்று 300 வையுங்கள்.

2,540 வெள்ளி.

[திரையில்: இரண்டு தொகைகளும் அருகருகே. 400. 2,540.]

வழக்கமாக இந்த இடத்தில்தான் சண்டை முடியும், பூங்கா ஜெயிக்கும். ஆனால் இரண்டையும் மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். பூங்காவில் காலை பத்திலிருந்து சுமார் ஒன்பது மணி நேரம் இருப்போம். ஆளுக்கு 100 வெள்ளி என்பதால் மணிக்கு 11 வெள்ளி. கப்பலில் முதல் நாள் மதியம் இரண்டு மணிக்கு ஏறி நான்காம் நாள் காலை எட்டுக்கு இறங்கினால் 66 மணி நேரம். தூக்கத்துக்கு 24 மணி நேரத்தைக் கழித்தால் மீதி 42. ஆளுக்கு 635 வெள்ளியை 42ஆல் வகுத்தால் மணிக்கு 15. எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கிய பூங்கா நாளோ ஆளுக்கு 170, மணிக்கு 19 வெள்ளி!

விலை உயர்ந்தது என்று நாம் பயந்த கப்பல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. "நான்கு நாள் மூன்று இரவு" என்று அச்சடித்திருப்பதில் முழு நாள் இரண்டுதான் என்பதையும் கவனியுங்கள். கடைசி நாள் காலைச் சாப்பாட்டோடு சரி.

வெளிநாட்டுப் பூங்கா என்றால் கதையே வேறு. ஹாங்காங் டிஸ்னிலாந்துக்கு நான்கு பேர் போவதாக வையுங்கள். விமானம் ஆளுக்கு 350, ஓட்டல் இரவுக்கு 250, பூங்காவில் இரண்டு நாள் டிக்கெட் ஆளுக்கு 150, சாப்பாட்டுக்கு மொத்தம் 600. மூன்று இரவுக்கு 3,350 வெள்ளி. கப்பல் இதைவிட மலிவு, பெட்டியையும் ஒரே தடவைதான் பிரிக்க வேண்டும். ஆக, உள்ளூர்ப் பூங்காவிடம் மொத்தத் தொகையில் தோற்கும் கப்பல் வெளியூர்ப் பூங்காவிடம் ஜெயிக்கிறது. 2012இல் பக்கத்து மலேசியாவின் ஜொகூரில் திறந்த லெகோலாந்து பூங்காவை இதில் சேர்க்கவில்லை. ரிங்கிட்டில் செலவு குறையும், ஆனால் விடுமுறைக் காலத்தில் எல்லைப் பாலத்தில் போகும் மணி நேரத்துக்கு விலை போட எனக்கு மனம் வரவில்லை.

[திரையில்: சிறுமியின் கைக்கடிகாரம், நிறுத்துகடிகாரம் ஓடுகிறது.]

இப்போது, அந்த மணி நேரங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெளிநாட்டில் ஒரு பூங்காவுக்குப் போயிருந்தபோது மகள் ஒரு வேலை செய்தாள். சவாரி கிளம்பும்போது கடிகாரத்தை அழுத்துவாள், நின்றதும் நிறுத்துவாள். சாயங்காலம் பேருந்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் ஏழு சவாரி, மொத்தம் 24 நிமிடம். மிச்ச நேரமெல்லாம் நடை, வரிசை, கழிப்பறை, "அம்மா தாகமா இருக்கு". அவளிடம் கேட்டால் அந்த 24 நிமிடமே போதும், நாளைக்கும் போகலாம் என்பாள். அந்த வயதுக்கு அது சரிதான். பையும் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக வெளியே நின்ற எனக்கு அந்த நாளில் எத்தனை நிமிடம் என்று யாரும் அளக்கவில்லை.

கப்பலில் இது தலைகீழ். முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி முடிந்ததும் (2012இல் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணக் கப்பலின் விபத்துக்குப் பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அதை முடித்தாக வேண்டும் என்று விதி இறுகிவிட்டது, தப்பிக்க முடியாது) மூன்று நாளுக்கு நான் அடுப்புப் பக்கம் போகவில்லை. மதியம் இரண்டு மணிக்கு என்ன சமைக்கலாம் என்று தலை தானாக யோசித்தது. பிறகுதான் யோசிக்க வேண்டியதில்லை என்று உறைத்தது. மகளோ மூன்றாம் நாள் "சறுக்குல எட்டு தடவை போயாச்சும்மா, இனிமே என்ன?" என்று கேட்டுவிட்டாள். எனவே மணிக்கு 15 வெள்ளி என்பது வீட்டில் யாருடைய மணி என்று பார்த்துத்தான் கொள்ளையா மலிவா என்று சொல்ல முடியும்.

[திரையில்: பாட்டி, ஊன்றுகோல், கப்பல் மேல்தளம்.]

பிள்ளைகளின் பாட்டியான அத்தையையும் கூட்டிப் போவதென்றால் இரண்டு விஷயம். பூங்காவில் அவருக்கு நாற்காலியும் நிழலும்தான் கிடைக்கும், டிக்கெட் காசு வீண். கப்பலில் அவர் ராணி. லிஃப்டில் ஏறினால் கடல், இறங்கினால் சாப்பாடு. இங்கிருந்து கிளம்பும் ஜென்டிங் டிரீம் கப்பலில் இந்தியச் சைவமும் ஜைன உணவும் உண்டு. தயிர்சாதம் இல்லாமல் மூன்று நாள் தாங்காதவர்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஐந்தாவது ஆளுக்குப் பொறி ஒன்று இருக்கிறது. சாதாரண அறையில் நான்கு பேருக்கு மேல் கிடையாது. ஐந்து பேர் என்றால் இரண்டு அறை. பாட்டியைத் தனி அறையில் போட்டால் பல நிறுவனங்களில் ஏறக்குறைய இரண்டு பேர் விலை கேட்பார்கள். பாட்டியும் பேத்தியும் ஓர் அறை, நாங்களும் சின்னவனும் ஓர் அறை என்று பிரித்தோம். நான்கு பேருக்கு 500, ஒருவருக்கு 300, மொத்தம் 2,300. முன்பு 1,600. பாட்டியின் விலை, வரி சேர்க்காமலேயே, 700! ஒற்றைப் பெற்றோர் ஒரு பிள்ளையோடு போனாலும் இதே நிலைதான், இரண்டு பேரும் முழு விலை.

[திரையில்: பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறை, நடந்து போகும் குடும்பம்.]

கரைச் சுற்றுலாவில் நம்மவர்கள் மிச்சம் பிடிக்கலாம். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே, சுவெட்டன்ஹாம் துறையில் நிற்கும். லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய் வடையும் டீயும் சாப்பிட்டுத் திரும்பலாம், கப்பல்காரர் விற்கும் பேருந்துச் சுற்றுலா தேவையில்லை. போர்ட் கிள்ளான் அப்படி இல்லை. பத்துமலைக்கோ கோலாலம்பூருக்கோ சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நெரிசலில் மாட்டினால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. அங்கே மட்டும் கப்பல் ஏற்பாட்டிலேயே போவது நிம்மதி. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் மலேசியா, தாய்லாந்து விசா விதிகளைப் பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைக்க மறக்காதீர்கள். நான் மறந்தேன். ராத்திரி கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. என்னுடைய திட்டத்தில் கடல்வழி ரோமிங் சேர்ந்திருக்கவில்லை. அந்த மாதக் கட்டணத்தைப் பார்த்தபோது எடுத்த படங்கள் எதுவும் அவ்வளவு அழகாகத் தெரியவில்லை.

சூதாட்டக்கூடம் பற்றியும் ஒரு வரி. செந்தோசாவில் உள்ள சூதாட்டக்கூடத்துக்குள் சிங்கப்பூரர் நுழைய 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி வரி, கப்பலில் அந்த வரி இல்லை. "150 மிச்சம்" என்று சிரித்தபடி உள்ளே போன ஒருவர் எவ்வளவு மிச்சத்தோடு வெளியே வந்தார் என்பதை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

[திரையில்: பெரிய கப்பலின் மேல்தளத்தில் ரோலர்கோஸ்டர், வரைபடம்.]

இந்தச் சண்டையையே தீர்க்கிறேன் என்று ஒரு கப்பல் வந்திருக்கிறது. டிஸ்னி அட்வென்சர். ஜெர்மனியின் விஸ்மார் நகரில் வேறொரு நிறுவனத்துக்காகக் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டிய தளம் நொடித்துப்போக, 2022இல் டிஸ்னி வாங்கி முடித்தது. முதல் பயணம் 2025 டிசம்பர் 15 என்று அறிவித்து, 2026 மார்ச் 10க்குத் தள்ளிப்போனது. சிங்கப்பூர்தான் தாய்த்துறை. மூன்று, நான்கு இரவுப் பயணங்கள், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே சுற்றித் திரும்பும். கோவிட் காலத்தில், 2020 கடைசியில், இங்கே ஆரம்பித்த "எங்கும் போகாத" பயணங்கள் நினைவிருக்கிறதா? அதே வகைதான். கரைச் செலவு மிச்சம், ஆனால் பினாங்கு வடை கிடையாது.

எனக்கு இதில் ஒரு தயக்கம். பூங்காவைப் பூங்கா விலைக்கும் ஓய்வை ஓய்வு விலைக்கும் தனித்தனியாக வாங்கத் தெரிந்தவருக்கு இரண்டையும் ஒரே பொட்டலமாக வாங்கும் அவசியம் குறைவு. எங்கள் வீட்டில் இதற்கும் ஓட்டு மூன்றுக்கு இரண்டு, நான் தோற்ற பக்கம்.

[திரையில்: சமையலறைக் கதவுச் சட்டம், பென்சில் கோடுகள்.]

இந்த ஆண்டு கப்பல் என்று முடிவானதற்குக் காரணம் மேலே சொன்ன எந்தக் கணக்கும் இல்லை. சின்னவனுக்கு ஐந்து வயது, உயரம் 106 செண்டிமீட்டர். யூனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 வேண்டும், அதில் தேறிவிடுவான். ஜுராசிக் பார்க் நீர்ச் சவாரிக்கு 107, ஒரே ஒரு செண்டிமீட்டரில் போச்சு. மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டாருக்கு 125. அக்கா ஏறுவாள், அவன் வாசலில் நின்று அழுவான், நானும் கூட நிற்பேன். முழு டிக்கெட் கொடுத்து அரைப் பூங்கா பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

கதவுச் சட்டத்தில் 122இல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். தினமும் பல் துலக்கியதும் அவன் போய் முதுகை ஒட்டி நிற்கிறான். நேற்று காலுறைக்குள் எதையோ மடித்து வைத்திருந்தான். பார்த்தால், அந்தக் கப்பல் விளம்பரத் தாள்.