ஆர்தர்ஸ் சீட்: முட்டி வலி இருக்கறவங்க ஏறலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி, ஸ்காட்லாந்துல, எடின்பரோவுல படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "நவம்பர்ல அப்பா அம்மா வர்றாங்க. ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டிருச்சு, அம்மாவுக்கு முட்டி வலி வேற. ஆர்தர்ஸ் சீட் மலை மேல கூட்டிட்டுப் போகலாமா?"

தாராளமா போகலாம்மா. ஆனா எந்தப் பக்கமிருந்து ஏறுறீங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு. உயரம் 251 மீட்டர்தான். ஊருக்குள்ள ஹோலிரூட் பார்க்லயே இருக்கறதால, பார்க்ல இருக்கற மேடுதானேன்னு சாதா செருப்போட வந்துடறாங்க. இது ஏறக்குறைய 34 கோடி வருஷத்துக்கு முன்னாடி நெருப்பு கக்குன எரிமலை. உச்சியில மண்ணு கிடையாது, கரும்பாறை. அத்தனை பேரு கால் பட்டுப் பட்டு வழுவழுன்னு ஆயிருக்கு. லேசா தூறல் போட்டாலே போதும், வழுக்கிடும். அதனால அடியில நல்ல பிடிப்பு இருக்கற ஷூ கண்டிப்பா வேணும்.

எல்லாரும் போறது ஹோலிரூட் அரண்மனைப் பக்கமிருந்து, செயின்ட் ஆன்டனி சாப்பல்ங்கற பாழடைஞ்ச சின்ன சர்ச் வழியா. நல்லா நடக்கறவங்களுக்கே முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். உங்க அப்பா அம்மாவுக்கு அது வேண்டாம். கிழக்குப் பக்கம் டன்சாபி லோக்னு ஒரு சின்ன ஏரி இருக்கு. அதுவரைக்கும் வண்டியில போனா கிட்டத்தட்ட பாதி உயரம் நடந்து ஏற வேண்டியதில்ல. அங்கேருந்து புல்லுச் சரிவுதான். மெதுவா, நின்னு நின்னு போனாலும் நாற்பது நிமிஷத்துல ஏறிடலாம். வார இறுதியில அந்த ரோட்டுல வண்டி விடாம மூடுவாங்க, அதனால வார நாளாப் பார்த்துப் போங்க. இன்னொண்ணு, பழைய வீடியோல சாலிஸ்பரி கிராக்ஸ்ங்கற செங்குத்துப் பாறை அடியில போற ராடிக்கல் ரோடுங்கற நடைபாதை நல்லாருக்கும்னு சொல்லுவாங்க. 2018ல பாறை சரிஞ்சதுல அதை மூடிட்டாங்க. வேலியைத் தாண்டிப் போகாதீங்க.

முட்டி வலிக்கு ஏறுறதை விட இறங்குறதுதான் பெரிய பிரச்சனை. இறங்குறப்போ ஒவ்வொரு அடிக்கும் மொத்த எடையையும் முட்டிதான் தாங்கிப் பிடிக்கணும். ஒரு வாக்கிங் ஸ்டிக் வாங்கிக் குடுங்க. இறங்கும்போது அதை ஒரு 5 சென்டிமீட்டர் நீட்டி விடுங்க, அப்பதான் குனியாம ஊன முடியும். பாறையில ரப்பர் முனைதான் பிடிக்கும். ஈரப் புல்லுல நேரா இறங்கக் கூடாது, குறுக்கே வளைஞ்சு வளைஞ்சு சின்ன அடியா வைக்கணும். பாறை வந்துச்சுன்னா உட்கார்ந்து நகரச் சொல்லுங்க, அதுல கூச்சமே வேண்டாம்.

அப்புறம் காத்து. கீழ சும்மா சிலுசிலுன்னு இருக்கும், உச்சியில ஆளையே தள்ளும். குடை எடுத்துட்டுப் போய்ப் பிரயோஜனமில்ல, மடங்கிடும். காத்து புகாத, தலையை மூடற ஜாக்கெட் வேணும். அம்மாவைப் புடவையோட கூட்டிட்டுப் போகாதீங்க. இறங்கும்போது கொசுவம் காலுக்குள்ள மாட்டும். பேன்ட் போடச் சொல்லுங்க, இல்ல சுடிதார் போதும். மேல தண்ணி, டாய்லெட் எதுவும் கிடையாது. ஆளுக்கு அரை லிட்டர் தண்ணி எடுத்துக்குங்க.

நேரத்தையும் பார்த்துக்குங்க. நவம்பர் நடுவுல சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் சூரியன் மறைஞ்சிடும், மலைப் பாதையில விளக்கு கிடையாது. காலையில பதினோரு மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு மணிக்குள்ள கீழ வந்துடுங்க.

உச்சிப் பாறைக்குச் சற்றுக் கீழ புல்லுத் தரை இருக்கு. அம்மாவுக்குப் பயமா இருந்தா அங்கேயே நின்னுடலாம். ஃபோர்த் ஆறு கடல்ல சேர்ற முகம், கோட்டை, பென்ட்லேண்ட் குன்றுகள், இதுல பெரும்பாலும் அங்கேருந்தே தெரியும். அப்பா மட்டும் மேல, உச்சியில நில அளவைக்காக நட்ட தூண் வரைக்கும் போய்ட்டு வரட்டும். அன்னிக்குப் பலத்த காத்துன்னா ஏறவே வேண்டாம். டன்சாபி லோக்கைச் சுத்தி அந்த ரோட்டுலயே நடங்க. அங்கேருந்தும் கடல் தெரியும்.