பொது வேலையைத் தனியார் கையில் கொடுக்கும்போது

[காட்சி: உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒரு சிறு பூங்கா, இரவு விளக்குகள், மரங்கள், கல் இருக்கைகள்.]

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியிலுள்ள ஸுக்காட்டி பூங்காவைப் பார்ப்பவர்கள் அதை மாநகராட்சியின் பூங்கா என்றே நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமானது. தரைமட்டத்தில் மக்களுக்குத் திறந்தவெளி விடும் கட்டட உரிமையாளர்கள் வழக்கமான வரம்புக்கு மேலும் தளப்பரப்பு கட்டிக்கொள்ளலாம் என்று 1961-இல் அந்நகரம் விதி வகுத்தது. அரசுக்குச் செலவில்லாமல் இப்படிப் பல பூங்காக்கள் கிடைத்தன.

2011 செப்டம்பர் 17 அன்று, அரசியலில் பெருநிறுவனங்களுக்கு இருக்கும் செல்வாக்கை எதிர்த்தவர்கள் அங்கே கூடினார்கள். மாநகராட்சிப் பூங்காக்கள் இரவில் மூடப்படும். இதுவோ ஒப்பந்தப்படி இரவும் பகலும் திறந்திருக்க வேண்டிய இடம் என்பதால், அவர்களால் தங்க முடிந்தது. பிறகு கூடாரம் போடக்கூடாது, படுக்கக்கூடாது என்று உரிமையாளர் தரப்பு விதிகளை அறிவித்தது. நவம்பர் 15 அதிகாலையில் காவல்துறை அவர்களை வெளியேற்றியது. அன்றே நீதிமன்றமும் அந்த விதிகளின் பக்கம் நின்றது. பொது இடத்தில் மக்கள் எப்படி இருக்கலாம் என்பதை, மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் எழுத முடிந்ததுதான் என்னை உறுத்துகிறது.

பொதுவெளி இப்படித் தனியார் கைக்குப் போவது தவிர்க்க முடியாததும் அல்ல. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 2007-இல் வெளிப்புற விளம்பரப் பலகைகளைத் தடைசெய்து, ஆயிரக்கணக்கானவற்றை அகற்றியது.

[காட்சி: பழைய செய்தித்தாளின் முழுப்பக்க அறிவிப்பு.]

ஊடகத்தில் இது இன்னும் மென்மையாக நடக்கிறது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளிவரத் தொடங்கிய காலத்தில், அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஓர் அறிக்கையை விளம்பரமாக வெளியிட்டன. நேரடியாக மறுப்பதைவிட, முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்ற எண்ணத்தை விதைப்பதே அவற்றுக்குப் பயன்பட்டது. ஏனெனில் இருதரப்பையும் கேட்டு எழுதுவது என்ற நல்ல பத்திரிகை மரபே, சந்தேகத்தை அறிவியலுக்குச் சமமாக அமரவைத்தது. அந்நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றின என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006-இல்தான். விளம்பர வருமானத்தில் வாழும் பத்திரிகை, பெரிய விளம்பரதாரரைப் பற்றி எழுதும்போது தயங்குவதற்கு யாரும் மிரட்ட வேண்டியதில்லை.

[காட்சி: விமானத்தின் மூக்குப் பகுதியிலுள்ள உணர்கருவி.]

கண்காணிப்பு கைமாறும்போது உயிர்களே போகின்றன. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், தன் சான்றளிப்பு வேலையில் கணிசமான பகுதியை போயிங் நிறுவனத்தின் ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்தது. 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் மென்பொருள் ஒரே ஓர் உணர்கருவியை நம்பி இயங்கியது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய விளக்கமும் இல்லை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். ஒழுங்குமுறை அமைப்புகள் தாம் கண்காணிக்கும் தொழிலுக்கே பணிபுரியத் தொடங்கிவிடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1971-லேயே வாதிட்டிருந்தார். நிபுணர்களும் ஆவணங்களும் தொழிலின் பக்கமே இருக்கும்போது, ஆள்பலம் குறைந்த அலுவலகம் அதைச் சார்ந்தே இயங்கும். அங்கே லஞ்சத்துக்குத் தேவையே எழுவதில்லை.

புகையிலை விஷயத்தில் மட்டும் உலக நாடுகள் இந்த ஆபத்தை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 2005-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கையில், 5.3 என்ற பிரிவு, சுகாதாரக் கொள்கையை அத்தொழிலின் நலன்களிடமிருந்து காக்கச் சொல்கிறது. அதற்கான வழிகாட்டுதல்களின்படி, அதிகாரிகள் அந்நிறுவனங்களைத் தவிர்க்க முடியாத தேவைக்கு மட்டுமே சந்திக்க வேண்டும்; அந்தச் சந்திப்பும் வெளிப்படையாக நடக்க வேண்டும்.