கென்யா நோட்டில் உட்கார்ந்திருப்பவர் யார்?

வணக்கம் மக்களே. நாட்டை உருவாக்கிய தலைவரின் படம் பணத்தில் இருக்கலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு இன்றைக்குக் கென்யா பக்கம் போவோம். அங்கே இதை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

1966-இல் அந்த நாட்டின் முதல் ஷில்லிங் நோட்டுகள் வந்தபோது ஜோமோ கென்யாட்டாவின் முகம் இருந்தது. விடுதலை வாங்கித் தந்த தலைவர், யாரும் பெரிதாகக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1978-இல் அவர் இறந்தார், டேனியல் மோய் வந்தார். கொஞ்ச நாளில் நோட்டில் மோய்! 24 வருஷம் ஆண்டார் மனிதர். அவர் போன பிறகு நோட்டில் மறுபடியும் ஜோமோ.

எனக்கு உறுத்துவது இதுதான். முதல் ஆளை மரியாதைக்காகப் போடுகிறோம். அடுத்து வருபவர் அதே இடத்தைத் தன் நாற்காலியோடு சேர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறார். நம் காந்தி விஷயத்தில் இந்தச் சிக்கல் வரவில்லை என்றால், அவர் எந்த அரசுப் பதவியிலும் இருந்ததில்லை என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, கென்யாக்காரர்கள் என்ன செய்தார்கள்? 2010 அரசியல் சட்டம், பிரிவு 231: நோட்டிலும் நாணயத்திலும் எந்தத் தனிநபரின் உருவப்படமும் கூடாது. 2018-இல் புதுக் காசுகள் வந்தன. ஒரு ஷில்லிங்கில் ஒட்டகச்சிவிங்கி, ஐந்தில் காண்டாமிருகம், பத்தில் சிங்கம், இருபதில் யானை. அழகு! யானை யாரிடமும் ஓட்டுக் கேட்காது.

2019-இல் புது நோட்டுகள் வந்தன. அங்கேதான் கூத்து. இந்த நோட்டின் முன்பக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். உயரமாக நிற்பது நைரோபியின் கென்யாட்டா பன்னாட்டு மாநாட்டு மையம். அதற்கு முன்னால் ஒரு சிலை, உட்கார்ந்த நிலையில். யார்? ஜோமோவேதான். அப்போது ஜனாதிபதி யார்? உஹுரு கென்யாட்டா, ஜோமோவின் மகன்.

சமூக ஆர்வலர் ஒகியா ஒம்டாட்டா நீதிமன்றம் போனார். சிலையும் உருவப்படம்தானே என்பது அவர் வாதம். வழக்கு அதே ஆண்டு தள்ளுபடி ஆனது. கட்டடத்தைக் காட்டினால் வாசலில் இருக்கும் சிலையும் வரத்தானே செய்யும் என்று கேட்கலாம். ஆனால் கேமரா பிடிப்பவனாகச் சொல்கிறேன், கோணத்தைக் கொஞ்சம் மாற்றினால் சிலை இல்லாமலும் அந்தக் கட்டடம் கிடைக்கும். வேறு கட்டடங்களும் நைரோபியில் இருக்கின்றன.

என்னைக் கேட்டால் சட்டம் சரி. அந்த நோட்டை வரைந்த விதம்தான் சரியில்லை.