புல் வெட்டப் போனவர்களை விரட்டிய போலீஸ்! டெட்ராய்ட்டின் இடிந்த மைதானத்தை மீட்ட கதை

(திரையில்: ஆள் உயரக் களை, நடுவில் ஒற்றைக் கொடிக்கம்பம்)

வணக்கம் நண்பர்களே! புல் வெட்டியதற்காக யாரையாவது போலீஸ் விரட்டியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரில், 2010-ல் நடந்தது. ஒரு தபால்காரரும் அவருடைய கூட்டாளிகளும் சொந்த மெஷினைக் கொண்டுவந்து காடாய் மண்டிக் கிடந்த களையை வெட்டினார்கள். அது நகராட்சி இடம், உள்ளே வரக் கூடாது, கிளம்புங்கள் என்றது போலீஸ். கிளம்பினார்கள். போலீஸ் போனதும் திரும்பி வந்தார்கள்! தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் எதிர்வீட்டு மாமி கத்தியதும் கலைந்து, அவர் கதவைச் சாத்தியதும் மறுபடி ஸ்டம்புக்குச் செங்கல்லை அடுக்குவார்களே, அதேதான். இவர்களுக்கு வயது மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

சரி, பின்னணியை மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் பழைய மைதானம் அது. 1912 ஏப்ரல் 20-ல் நேவின் ஃபீல்ட் என்று திறந்தார்கள், பிறகு பிரிக்ஸ் ஸ்டேடியம் ஆனது, அப்புறம் டைகர் ஸ்டேடியம். 1999-ல் கடைசி ஆட்டம். அணி வேறு இடத்துக்குப் போய்விட, 2009-ல் கட்டடம் முழுவதும் தரைமட்டம். மிஞ்சியது ஒன்பதரை ஏக்கர் நிலமும் அந்தக் கொடிக்கம்பமும்.

கம்பத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. உயரம் 125 அடி. நின்றது கேலரியில் இல்லை, ஆட்டக்களத்துக்குள்ளே! பந்து அதில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் பக்கம் சுவர் 440 அடி தூரத்தில், அதாவது 134 மீட்டர். கிரிக்கெட்டில் பவுண்டரியை 82 மீட்டருக்கு மேல் தள்ளிப் போட விதியே இடம் தராது. நாம் விசிலடித்துக் கொண்டாடிய எத்தனை சிக்ஸர் அங்கே சாதாரண கேட்ச் ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. டை காப் என்று ஒரு மகா ஆட்டக்காரர். பந்தை வேண்டுமென்றே மெதுவாகத் தட்டிவிட்டு ஓடுவதில் கில்லாடி. அவருக்காக மைதான ஊழியர்கள் பேட்டர் நிற்கும் இடத்துக்கு முன்னால் தண்ணீரை ஊற்றி மண்ணைச் சேறாக்கி வைப்பார்களாம். பந்து அங்கேயே சொதக்கென்று உட்கார்ந்துவிடும், எடுக்க வருகிறவன் வழுக்குவான், காப் அதற்குள் முதல் பேஸில், அதாவது ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் இடத்தில். அந்த இடத்துக்கே 'காப் ஏரி' என்று பெயர். சேப்பாக்கத்தில் ஸ்பின்னுக்கு ஏற்ற மாதிரி பிட்ச் போடுகிறார்கள் என்று புலம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கவும்.

அந்த மண்ணைத்தான் தன்னார்வலர்கள் மீட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார்கள். பந்து வீசுபவர் நிற்கும் மண்மேட்டைத் திரும்ப எழுப்பினார்கள். அதற்கும் பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்கும் நடுவே சரியாக 60 அடி 6 அங்குலம் இருக்க வேண்டும், கண்மதிப்பில் கொட்டினால் ஆகாது. பேஸ்களுக்கு இடையே களையைச் சுரண்டி, மண்ணை வாரி, சமப்படுத்தினார்கள். கொஞ்ச நாளில் குடும்பம் குடும்பமாக ஆட வந்தார்கள், கல்யாணங்கள்கூட அங்கே நடந்தன. விரட்டிய நகராட்சியும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது.

2018-ல் அங்கே சிறுவர்களுக்கான விளையாட்டு மைதானம் வந்தது, டெட்ராய்ட் பிஏஎல் என்ற அமைப்பு நடத்துகிறது. ஆனால் போட்டது செயற்கைப் புல்! தன்னார்வலர்கள் கொதித்துப்போனார்கள். நாள் முழுக்க எத்தனையோ குழந்தைகள் மிதிக்கும் இடத்தில் நிஜப் புல் தாக்குப்பிடிக்காது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. என் மனசு என்னவோ புல் பக்கம்தான். நீங்கள் எந்தப் பக்கம்? கமெண்டில் சண்டை போடுங்கள், அப்படியே சப்ஸ்கிரைபும் செய்துவிடுங்கள்.

அந்தத் தன்னார்வலர்கள் சும்மா இருக்கவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே ஹாம்ட்ராமிக் ஊருக்குப் போனார்கள். அங்கே 1930-ல் கட்டிய ஸ்டேடியம் ஒன்று பாழடைந்து கிடந்தது. கறுப்பினத்தவரைப் பெரிய லீக்கில் சேர்க்காத காலத்தில் அவர்களுடைய டெட்ராய்ட் ஸ்டார்ஸ் அணி ஆடிய இடம். அதன் நட்சத்திரம் டர்க்கி ஸ்டேர்ன்ஸ். மட்டையோடு பேசுவாராம் மனிதர்! வயிற்றுப்பாட்டுக்கு அவர் உழைத்தது பிரிக்ஸ் என்பவரின் கார் பாகத் தொழிற்சாலையில். அதே பிரிக்ஸ்தான் டைகர்ஸின் முதலாளி. கார் வேலைக்கு ஆள் தேவை, அணிக்கு வேண்டாம். என்ன மனிதர்களப்பா! டைகர்ஸில் ஒரு கறுப்பின வீரர் ஆட 1958 வரை ஆனது.

அந்த ஹாம்ட்ராமிக் ஸ்டேடியத்தின் கேலரி புதுப்பிக்கப்பட்டு 2022-ல் திறந்தது, களத்துக்கு ஸ்டேர்ன்ஸ் பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்னொரு விஷயம், ஹாம்ட்ராமிக்கில் வங்கதேசக் குடும்பங்கள் ஏராளம். அதனால் அங்கே பேஸ்பால் மட்டுமில்லை, கிரிக்கெட்டும் ஆடுகிறார்கள்!