பாலம் தாண்டிப் போகிற கடை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். நான் பாம்பனில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். சிறு வியாபாரத்துக்கு விசிட்டிங் கார்டு எப்படி உதவும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். டாக்டரும் வக்கீலும் வைத்துக்கொள்வதுதானே அது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

நம் கரையில் வியாபாரத்தின் போக்கே வேறு. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள் இல்லை. ராமேஸ்வரத்துக்கு வந்து 22 தீர்த்தமும் ஆடி, தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்புகிற வழியில் பாலம் ஏறுவதற்கு முன்னால் நம் கடையில் வண்டியை நிறுத்துகிறார்கள். கால் மணி நேரம்தான் நிற்பார்கள். பிறகு மண்டபம், உச்சிப்புளி என்று வண்டி போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, "அடடா, இன்னும் ஒரு கிலோ வாங்கியிருக்கலாமே" என்று தோன்றும்போது நாம் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்போம்.

ஒருமுறை கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். முந்தின வருடம் என்னிடம் நெத்திலி வாங்கியவர். "உன் கடையைத்தான் தேடினேன் தாயி. எல்லாக் கடையும் ஒன்றுபோலவே இருக்கிறது. அடையாளம் தெரியாமல் அந்தக் கடையிலேயே வாங்கிவிட்டேன்" என்றார். அவர் கையில் பக்கத்துக் கடைப் பை இருந்தது. என் சரக்கைத் தேடி வந்தவரை நானே வழிதவறச் செய்துவிட்டேன் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வாரமே கார்டு அடிக்கக் கொடுத்தேன்.

முதல் கார்டில் பிழை வந்தது. என் கைபேசி எண்ணில் ஒரு இலக்கம் மாறி, ஆயிரம் கார்டும் அப்படியே அச்சாகிவிட்டது. அச்சகம் திருத்தப்படி, அதாவது பிழை பார்க்க முதலில் எடுக்கும் மாதிரி, காட்டாமலே அடித்துவிட்டது, நானும் கேட்கவில்லை. என் மகள் இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேனாவால் திருத்தினாள். அதனால் சொல்கிறேன்: திருத்தப்படியைக் கையில் வாங்குங்கள். அதைப் பார்த்து இன்னொருவரை அந்த எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். அங்கேயே உங்கள் போன் மணி அடிக்க வேண்டும். அடித்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.

ஆஃப்செட், அதாவது பிளேட் செய்து அடிக்கிற அச்சில், அந்தப் பிளேட் போடும் செலவு நூறு கார்டுக்கும் ஆயிரம் கார்டுக்கும் ஒன்றுதான். அதனால் ஆயிரமாகவே அடிக்கச் சொல்வார்கள். முதல்முறை அடிக்கிறவர்கள் டிஜிட்டல் அச்சில் இருநூறு அடித்தால் போதும். கடை இடம் மாறலாம், எண் மாறலாம்.

அளவு எல்லோரும் அடிக்கிற மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலமே இருக்கட்டும், பர்ஸில் அடங்கும். தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நம் ஊர் உப்புக்காற்றில் மெல்லிய தாள் ஒரே வாரத்தில் சுருண்டுவிடும். 300 ஜிஎஸ்எம் அட்டை கேளுங்கள், ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்லும் அளவு. முன்பக்கம் மட்டும் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். மீன் கை பட்டாலும் துடைத்துவிடலாம். பின்பக்கம் வெறும் தாளாகவே இருக்கட்டும், அப்போதுதான் பேனா எழுதும். ஒவ்வொருவருக்கும் கொடுக்கும்போது "சீலா மீன் கருவாடு அரை கிலோ" என்று வாங்கியதை என் கையால் எழுதித் தருகிறேன். கையெழுத்து இருக்கிற கார்டைத் தூக்கிப் போட மனம் வராது.

அந்தப் பின்பக்கத்தில்தான் என் வியாபாரமே இருக்கிறது என்பேன். எழுத இடம் விட்டு, அதன் கீழே மூன்று வரி அச்சடித்திருக்கிறேன்: ஈரம் படாமல் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்; சமைக்கும் முன் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசுங்கள்; உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். இந்த மூன்று வரிக்காகவே கார்டு அடுப்படிக்குப் போகிறது. சேலத்திலிருந்து அழைத்த ஒரு தங்கச்சி, மிளகாய்த்தூள் டப்பாவில் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள். ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிற தம்பிகள், பின்பக்கத்தில் கோதண்டராமர் கோயில், ராமர் பாதம், வில்லூண்டி தீர்த்தம், கலாம் நினைவிடம் என்று பார்க்கிற இடங்களை வரிசையாக அடிக்கலாம். கீழக்கரையில் தொதல் என்கிற இனிப்பைக் கிண்டி விற்கிற அக்காமார்கள், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று போடலாம். சங்கு, சிப்பிப் பொருள் விற்கிறவர்களிடம் வடநாட்டு யாத்திரிகர்கள் நிறைய வருகிறார்கள். அவர்களுக்காக இந்தியில் ஒரு வரி இருந்தால் நல்லது.

முன்பக்கத்தில் எதைப் பெரிதாகப் போடுவது? என் கடைக்கு மாமனார் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் வாங்கிப் போகிறவர் மனதில் நிற்பது "பாம்பன் கருவாடு". அதையே பெரிய எழுத்தில் போட்டேன். மாமனார் வைத்த பெயர் அதன் கீழே இருக்கிறது. அடுத்து வழி, போன் எண், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண். முகம் தெரியாத ஊருக்குச் சாப்பாட்டுப் பொருள் அனுப்புகிறோம். அந்த எண் இருந்தால் வாங்குகிறவருக்குத் தைரியம். பணம் அனுப்பும் கியூஆர் கட்டத்தையும் போடலாம். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டுப் போடுங்கள். வேறு வேறு இரண்டு போனில் பிடித்துப் பாருங்கள். சாமி படம், படகுப் படம், ரோஜாப்பூ எல்லாம் சேர்த்தால் எண் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

கார்டைக் கருவாட்டோடு ஒரே பொட்டலத்தில் போடாதீர்கள். எண்ணெய் ஏறி, எழுத்து மங்கிவிடும். வெளிப்பையில் தனியாகப் பின் அடித்துக் கொடுங்கள். எப்போதும் இரண்டாகக் கொடுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு.

கொடுத்துவிட்டு, கூப்பிடட்டும் என்று சும்மா இருக்கவும் கூடாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கார்டு கொடுக்கும்போதே, "புதுச் சரக்கு வந்தால் சொல்லவா அக்கா?" என்று கேட்பேன். சம்மதித்தவர்களின் எண்ணும் ஊரும் வாங்கிய கருவாடும் அந்த நோட்டில் ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுச் சரக்கு கொஞ்சம்தான் வரும், விலையும் ஏறும். மார்ச் மாதமே நோட்டைப் பிரித்து, வேண்டியதை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். தடை முடிந்து படகு திரும்பி, முதல் நெத்திலி மணலில் படாமல் வலைவிரிப்பில் இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்ததும், மறுபடியும் அதே நோட்டு. "அக்கா, பாம்பனிலிருந்து பேசுகிறேன், புது நெத்திலி காய்ந்துவிட்டது" என்று சொல்லத் தொடங்கும்போதே, "கார்டு இங்கேதான் இருக்கிறது, எவ்வளவு அனுப்புகிறாய்?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள்.