ஆட்சியர் தேதியும் நிலாத் தேதியும்

அவையோர்க்கு வணக்கம்.

இங்கே 57 வயது நிறைந்தவர் யாராவது இருந்தால், அந்தப் பிறந்தநாளுக்குப் பஞ்சாங்கத்தில் என்ன திதி என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் பிறந்த அதே திதியாக இருக்கும். தப்பினால் ஒரு நாள் முன்பின். 19 வயதிலும் 38 வயதிலும்கூட அப்படித்தான் வந்திருக்கும். அந்த வயதில் திதியை யார் பார்த்தார்கள்!

இந்த 19 ஆண்டுக் கணக்கை கி.மு. 432இல் கிரேக்கருக்குச் சொன்னவர் ஏதென்ஸ் வானியலாளர் மெட்டன். பாபிலோனியரும் இதை அறிந்திருந்தார்கள். யார் யாரிடம் வாங்கினார் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை.

சிக்கல் இதுதான். பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரியன் ஒரு சுற்று வர இன்னும் 11 நாள் வேண்டும். மூன்று வருடம் விட்டுவிட்டால் அறுவடைத் திருவிழா ஒரு மாதம் முன்னே ஓடிவிடும். அதனால் ஏதென்ஸில் அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். எப்போது சேர்ப்பது? அதிகாரி சொன்னபோது!

மக்கள் சபை கூடும் ப்னிக்ஸ் குன்றிலேயே மெட்டன், சூரியன் வடக்கும் தெற்கும் போய்த் திரும்பும் நாளைக் காட்டும் கருவியை நிறுத்தினார். அவர் கண்ட கணக்கு: 19 ஆண்டில் ஏழு மாதம் கூட்டு, மொத்தம் 235 மாதம், 6940 நாள். அவற்றில் 125 மாதத்துக்கு 30 நாள், 110க்கு 29. உண்மையில் 19 சூரிய ஆண்டுக்கும் 235 நிலா மாதத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். மெட்டன் கூட்டியதில் கால் நாளுக்கும் சற்று அதிகமான பிசகு உண்டு. ஒரு நூற்றாண்டு கழித்து கலிப்பஸ் என்ற இன்னொரு கிரேக்க வானியலாளர் 76 ஆண்டுக்கு ஒரு நாளைக் கழித்து அதையும் சரிசெய்தார்.

ஊர் என்ன செய்தது? சிரித்தது. கி.மு. 414இல் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் 'பறவைகள்' நாடகத்தில் மெட்டனையே மேடையேற்றினார். காற்றை அளக்க அளவுகோலோடு வந்த மனிதர் அடிவாங்கி ஓடுகிறார். இத்தனைக்கும் 'மேகங்கள்' நாடகத்தில் அதே அரிஸ்டோஃபனீஸ், நாள் தவறிப்போய் விருந்து கிடைக்காத தெய்வங்கள் தன்னைத் திட்டுவதாக நிலாவே புலம்புகிறது என்று எழுதியவர்!

அதிகாரிகள் பழைய வழியை விடவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் எலாஃபெபோலியோன் மாதம் 9ஆம் தேதிக்குப் பின் நாள் நாளாகச் செருகியிருக்கிறார்கள். 'செருகிய நான்காவது ஒன்பது' என்றே வெட்டியிருக்கிறது. 10ஆம் தேதி மதுத் தெய்வம் தியோனிசஸின் திருவிழா. ஏற்பாடு முடியவில்லைபோலும், தேதியையே நிறுத்திவைத்துவிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் ஒரே தீர்மானத்தின் தலையில் இரண்டு தேதி பொறித்தார்கள்: 'ஆட்சியர்படி' ஒன்று, 'தெய்வத்தின்படி' இன்னொன்று. முதலாவது, அதிகாரிகள் நாளைச் செருகி ஓட்டிய தேதி. இரண்டாவது, வானில் நிலா காட்டிய தேதி.