கல்லை உடைத்துப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் நம் கண் முதலில் போவது அதன் நிறத்துக்குத்தான். உருகிய குழம்பு ஆறி உறைந்த தீப்பாறைகளை அடையாளம் காணப் பழகுகிறவர்களைத் தடுமாற வைப்பதும் அந்த நிறம்தான். மாணவனாக இருந்தபோது ஒரு கறுப்புக் கல்லைப் பார்த்ததுமே, பொடிப் பரல் கொண்ட பசால்ட் என்று எழுதி வைத்தேன். ஆசிரியர் சுத்தியலால் அதன் ஓரத்தைத் தட்டி உடைத்தார். உள்ளே மினுமினுக்கும் பெரிய பரல்கள், அதாவது கனிமப் படிகங்கள். அது காப்ரோ என்னும் பெரும்பரல் பாறை. அன்றிலிருந்து புதிதாக உடைந்த முகத்தைப் பார்க்காமல் எந்தக் கல்லுக்கும் நான் பெயர் சொல்வதில்லை. வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பு துருவேறி ஆளை ஏமாற்றிவிடும். நீங்களும் உடைத்துப் பாருங்கள்; ஆனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வேண்டாம்.

சரி, உடைத்தாயிற்று. இப்போது பரல்களின் அளவைப் பாருங்கள். பாறைக்குழம்பு பூமிக்கு அடியில் ஆழத்தில் மெல்ல மெல்லக் குளிர்ந்தால், படிகங்கள் வளர நேரம் கிடைக்கும். வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரிதாகும். மேலே வந்து எரிமலைக் குழம்பாக ஓடினால் சீக்கிரம் ஆறிவிடும். பரல்கள் பொடிப்பொடியாக நின்றுவிடும். காப்ரோவும் பசால்ட்டும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். ஆறிய வேகம்தான் வேறு. கிரானைட்டுக்கும் ரயோலைட்டுக்கும் உள்ள உறவும் அப்படித்தான்.

அளவைப் பார்த்த பிறகு நிறத்துக்கு வரலாம். சிலிக்கா, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள், அதிகமுள்ள கிரானைட்டும் ரயோலைட்டும் பெரும்பாலும் வெளிறியவை. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பசால்ட்டும் காப்ரோவும் கருமையானவை. நடுவே நிற்பவை டயோரைட்டும் ஆண்டிசைட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கிரானைட். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்புங்கள். சில பரல்கள் சட்டென்று கண்ணாடிச் சில்லு போல ஒளியை வீசும். அவை ஃபெல்ஸ்பார், தட்டையான முகங்களாகப் பிளக்கும் குணம் அதற்கு உண்டு. எப்படித் திருப்பினாலும் அப்படிப் பளிச்சிடாமல், சாம்பல் நிறக் கண்ணாடித் துண்டு போல இருப்பது குவார்ட்ஸ். நகத்தால் உரித்தால் ஏடு ஏடாக வருவது மைக்கா. இந்தப் பாறை ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்தது என்பதையே பலர் ஏற்காத நாட்கள் உண்டு. 1785இல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், பழைய பாறைகளின் இடுக்குகளில் கிரானைட் நரம்பு நரம்பாகப் பாய்ந்து உறைந்திருப்பதை நிலவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன் கண்டார். உருகியிருந்தால்தான் அப்படிப் பாய முடியும்.

பொடிப் பரல்களுக்கு நடுவே பெரிய படிகங்கள் பதிந்திருந்தால், அந்தக் குழம்பு முதலில் ஆழத்தில் மெதுவாகவும், பிறகு வேறோர் இடத்தில் வேகமாகவும் குளிர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். உடலெல்லாம் துளைகள் இருந்தால், வாயுக் குமிழிகள் தப்பிய தடம் அது. துளை நிறைந்த இருண்ட ஸ்கோரியா என்னும் எரிமலைக் கல் தண்ணீரில் மூழ்கும். வெளிறிய நுரைக்கல்லோ மிதக்கும். 1883இல் இந்தோனேசியாவின் கிராகடோவா எரிமலை வெடித்தபோது சிதறிய நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்தே போயின.

கடைசியாக அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடி. படிகம் வளரவே முடியாமல் உறைந்துபோன குழம்பு இது. பரல் எதுவும் தெரியாது. உடைத்தால் சிப்பியின் உட்புறம் போல வளைந்து வளைந்து உடையும். கறுப்பு நிறத்தை நம்பினால் இதை பசால்ட் வகையில் சேர்த்துவிடுவோம். ஆனால் சிலிக்காவைப் பார்த்தால் இது கிரானைட்டின் உறவு. உள்ளே தூவியிருக்கும் மிக நுண்ணிய இரும்புக் கனிமத் துகள்களே அந்தக் கறுப்பைத் தருகின்றன. மெல்லிய ஓரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவி வரும்.